மாமியாருக்குப் பிரஷர் பாத்தாச்சு, மருமகளுக்கு யார் பாக்கறது?



இந்த வாரம் மஞ்சளுக்கு மண் அணைக்கிறதைப் பத்தி எழுதறதா சொல்லியிருந்தேன். அது எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த தடவை பாத்துக்கலாம். ஒரு வாரமா மனசுல கிடந்து அரிக்கிற வேற ஒரு சங்கதியைச் சொல்லிடறேன்.

எங்க தோட்டத்துக்குத் தெக்கால ஒரு தோட்டம். ரெண்டு ஏக்கரா பூமி, மூணு உருப்படி மாடு. அந்த வீட்டு அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவங்க மாமியாருக்கு நாலு வருசத்துக்கு முந்தி பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு. வலது கையும் காலும் வராது, பேச்சும் குழறல். அன்னையிலிருந்து கட்டில்தான். குளிப்பாட்டறது, ஊட்டறது, துணி மாத்தறது, ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுப் புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாமே இந்த அக்காதான். வீட்டுக்காரர் தறிக்குப் போறார். பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான், மாசாமாசம் பணம் அனுப்பறான்.

போன வாரம் காலையில பால் சொசைட்டியில கேனை இறக்கி வச்சவங்க, அப்படியே செவுத்தோரமா சாஞ்சு உக்காந்துட்டாங்க. வேர்த்துக் கொட்டுது, தலை சுத்துதுங்கறாங்க. வரிசையில நின்ன நாங்க நாலு பேரு 108-க்குப் போன் பண்ணிக் கூட்டிக்கிட்டுப் போனோம். பிரஷர் 210-க்கு 120. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா பிரஷர் இருக்கு? மாத்திரை எடுக்கறீங்களா?" அந்த நிலைமையிலயும் அக்கா சொன்ன பதில் இது: "எனக்குப் பிரஷரெல்லாம் இல்லீங்க. என்ற மாமியாருக்குத்தானுங்க இருக்குது."

மாமியாருக்கு இருக்கிறது ஊருக்கே தெரியும். மாசாமாசம் பாத்து எழுதறாங்களே! 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சுவச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்க ஊருக்கும் வந்தது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருது. படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பாக்க நர்ஸ் வர்றாங்க, கை கால் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்ட் வர்றார். நல்ல திட்டம். ஐ.நா. சபையே 2024-ல விருது கொடுத்த திட்டம். நான் குறை சொல்ல வரலை.

மாத்திரை கொண்டுவர்ற தன்னார்வலர் பொண்ணு எங்க ஊர்க்காரப் பொண்ணுதான். முப்பது வயசு தாண்டின எல்லாருக்கும் பிரஷர், சுகர் பாக்கறது அந்தப் பொண்ணோட வேலைதான். அப்படியிருந்தும் இந்த அக்காவுக்கு மட்டும் எப்படி விட்டுப்போச்சு?

அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன். கண்ணுல தண்ணி வச்சுக்கிச்சு. "நான் போனாப் போதும் அண்ணா, 'கண்ணு, ஆத்தாள செத்த பாத்துக்க, ஒரு கத்தை தட்டு அறுத்துட்டு ஓடியாந்தர்றேன்'னு அருவாளை எடுத்துக்கிட்டு ஓடிருவாங்க. திரும்பி வர்றப்ப எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாயிரும். உக்காருங்கக்கா, பாக்கலாம்னா, 'எனக்கென்ன கேடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்'பாங்க."

விசயம் அவ்வளவுதாங்க. மாமியார் பக்கத்துல வேற ஒரு மனுசர் உக்காந்திருக்கிற நேரம் மாசத்துல அந்தப் பத்து நிமிசம்தான். அதுலதான் மாட்டுக்குத் தீவனம் அறுக்க முடியும். பிரஷர் பாக்கற மெசின் நாலு வருசமா அவங்க திண்ணைக்கு வந்து வந்து போயிருக்குது. அந்த நேரத்துல எல்லாம் அவங்க சோளக்காட்டுல இருந்திருக்காங்க. இதுல யார் மேல தப்புன்னு சொல்றது? பொண்ணு மேலயும் இல்லை, அக்கா மேலயும் இல்லை. நோயாளி யாருன்னு பட்டியல் இருக்கு. நோயாளியைப் பாத்துக்கிறவங்க யாருன்னு பட்டியல் இல்லை. தப்பு அங்கதான் இருக்கு.

எங்க ஊருல எதையெல்லாம் எண்ணறாங்கன்னு கொஞ்சம் பாருங்க. என் தோட்டத்துல எந்த வயல்ல என்ன வெள்ளாமை, தென்னை எத்தனைங்கறது கிராம நிர்வாக அலுவலரோட அடங்கல்ல இருக்கு. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கால்நடைக் கணக்கெடுப்பு நடக்குது. 21-வது கணக்கெடுப்பு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சப்ப மாடு, ஆடு, கோழி எல்லாத்தையும் எண்ணி, மாடு நாட்டு மாடா கலப்பினமான்னு இனம் வரைக்கும் எழுதிக்கிட்டுப் போனாங்க. ஒரு பொண்ணு கர்ப்பமானா கிராம சுகாதார செவிலியர்கிட்டப் பதிஞ்சு பிக்மி நம்பர் வாங்கணும். அந்த நம்பர் வந்ததும் சத்து மாத்திரை, ஸ்கேன், ஊசி, பிரசவம், உதவித்தொகைன்னு எல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டே வருது. பேரு எழுதினதாலதான் இத்தனையும் நடக்குது. பேரு எழுதாத ஆளுக்கு எதுவும் வராது. சர்க்கார் வேலையில நான் கத்துக்கிட்ட பாடம் இது ஒண்ணுதான்.

அதனால நான் கேக்கறதும் பெருசா ஒண்ணுமில்லை. படுக்கையில இருக்கிறவங்களோட விவரத்தை எழுதற ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டுல, அவங்க பேருக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க. பாத்துக்கிறது யாரு, வயசு என்ன, அவங்களுக்குக் கடைசியா எப்பப் பிரஷர், சுகர் பாத்தது. இதுக்குப் புதுசா ஒரு நோட்டு வேண்டாம். செவிலியர்கள் ஏற்கனவே பதிவேட்டுக்கும் ஆன்லைன் பதிவுக்கும் நடுவுல நசுங்கறாங்க, சமவெளியில ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்ங்கறது கணக்கு. அவங்க தலையில இன்னொரு மூட்டையை ஏத்தச் சொல்லலை. போற வீட்டுக்குத்தான் போறாங்க, எடுத்துக்கிட்டுப் போற மெசின்தான். ஒரு கைக்குப் பதிலா ரெண்டு கையில கட்டச் சொல்றேன். பட்டியல்ல பேரு இருந்தா, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு அக்கா சொன்னாலும் அந்தப் பொண்ணு விட்டிருக்காது. கட்டம் காலியா இருந்தா மேல கேள்வி வருமே!

ரெண்டாவது, வேலையைக் கத்துக்கொடுங்க. பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பறப்ப கையில என்ன கொடுக்கறாங்க? இங்கிலீஷ்ல நாலு பக்கம். வாயில ஊட்டறப்ப தலையை நிமித்தி உக்காத்தி வைக்கணும், சாப்பிட்டதும் உடனே படுக்க வச்சா நெஞ்சுல சளி கட்டிரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டணும். இடுப்புலயோ குதிகால்லயோ சிவந்து, விரல் வச்சு அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மாறலைன்னா அதுதான் படுக்கைப் புண்ணோட ஆரம்பம். ஆளைத் தூக்கறப்ப முதுகை வளைக்காம முழங்காலை மடக்கணும், அடியில ஒரு துணியை மடிச்சுப் போட்டு ரெண்டு பேரா இழுத்தா பாதி பாரம் குறையும். இதெல்லாம் பெரிய படிப்பு ஒண்ணும் இல்லை, அரை நாள் சமாச்சாரம். சொட்டுநீர் போட்டா கம்பெனி ஆளு வந்து வால்வை எப்படித் திருகறதுன்னு ரெண்டு தடவை காட்டிட்டுத்தான் போறான். உசிரோட இருக்கிற மனுசரை நாலு வருசம் பாத்துக்கப் போறவளுக்கு ஒருத்தரும் ஒண்ணையும் காட்டறதில்லை. மாசத்துல ஒரு நாள் மத்தியானம், கூட்டம் குறைஞ்சதுக்கு அப்புறம், அதே பிசியோதெரபிஸ்ட்டும் நர்சும் ஒரு கட்டிலைப் போட்டுக் காட்டினாப் போதும்.

மூணாவது, அவங்களைக் காக்க வைக்காதீங்க. பாத்துக்கிறவங்க தனக்கு உடம்பு முடியலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போறதே அபூர்வம். போனா, வீட்டுல ஆள் தனியா கிடக்கு. வரிசையில பாதி நிக்கிறப்பவே மனசு வீட்டுக்கு ஓடிரும், சீட்டைக் கசக்கிப் போட்டுட்டுத் திரும்பிருவாங்க. பதிவேட்டுல பேரு இருக்கா, முன்னாடி விடுங்க. யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. கைக்குழந்தைக்காரிக்கு வழி விடற ஊருதான் இது.

நாலாவதுதான் கஷ்டமானது. பாத்துக்கிறவங்களுக்கு லீவு வேணும். பொறந்த வீட்டுல ஒரு சாவு, ஒரு கல்யாணம், இல்லை தனக்கே ஒரு ஆபரேசன். ரெண்டு நாள் யார்கிட்ட விட்டுட்டுப் போறது? எங்க பக்கத்து சுகாதார நிலையத்துல நான் போற நேரமெல்லாம் ரெண்டு மூணு கட்டில் காலியாத்தான் கிடக்கு. வருசத்துக்கு அஞ்சாறு நாள், முன்கூட்டியே சொல்லிவச்சு, படுக்கையில இருக்கிறவங்களை அங்க சேத்துக்க முடியுமா? ஆள் பத்தாதுன்னு டாக்டர் சொன்னா அது நியாயம். அப்பப் பஞ்சாயத்தும் சுயஉதவிக் குழுவும் ஒரு ஆளைப் போடட்டும். ஊர்ப் பொங்கலுக்கு வசூல் பண்ணத் தெரிஞ்ச நமக்கு இது ஒண்ணும் முடியாத காரியம் இல்லை.

முடியாதுங்கறவங்க பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போய்ப் பாக்கலாம். 1993-ல கோழிக்கோட்டுல டாக்டர்களும் ஊர்க்காரங்களும் சேந்து ஆரம்பிச்ச வலி தணிப்பு வேலை, பரவிப் பரவி 2008-ல கேரள அரசோட கொள்கையாவே ஆச்சு. இன்னைக்கு அங்க பஞ்சாயத்துகளே நர்ஸ் வச்சு, படுக்கையில இருக்கிறவங்க வீட்டுக்கு அனுப்புது. அதோட 'ஆஸ்வாசகிரணம்'னு ஒரு திட்டம். படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பாத்துக்கிறவருக்கு மாசம் 600 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனா அந்தக் காசு நோயாளிக்கு இல்லை, பாத்துக்கிறவருக்கு. 'உன்ற வேலை எங்க கண்ணுக்குத் தெரியுது'ன்னு அரசாங்கம் சொல்ற மாதிரி. இங்கிலாந்துல ஒரு படி மேல. அங்க உள்ளூர் டாக்டர்கிட்டப் போய், நான் இன்னாரைப் பாத்துக்கிறேன்னு சொன்னா அவர் பதிவேட்டுல ஏத்திக்கிறார். சளிக்காய்ச்சல் தடுப்பூசி இலவசம். உனக்கு என்ன உதவி வேணும்னு உள்ளூர் கவுன்சில்ல மதிப்பீடு கேக்கற உரிமை 2014-ம் வருசச் சட்டத்துல இருக்கு.

நம்ம ஊருச் சட்டம் என்ன சொல்லுது? 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 24-வது பிரிவுல, அதிக உதவி தேவைப்படறவங்களுக்குக் கவனிப்பாளர் படி கொடுக்கறதைப் பத்தி இருக்கு. கூடவே அரசோட பொருளாதார வசதிக்கு உட்பட்டுன்னும் இருக்கு. 2007-ல பெத்தவங்க, மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெத்தவங்களைப் பாத்துக்க வேண்டிய பிள்ளைகள் யாருன்னு அதுல ஒரு விளக்கம். மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள்ங்கற வார்த்தையே அந்த வரியில கிடையாது. படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரலை. சட்டத்துல பேரு இருக்கிறவங்க பெங்களூர்லயும் தறியிலயும் இருக்காங்க. கட்டில் பக்கத்துல இருக்கிறவ பேரு சட்டத்துலயும் இல்லை, பதிவேட்டுலயும் இல்லை.

மத்திய அரசு 2019-ல நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒண்ணு எடுத்தது. வீட்டு ஆளுங்களைச் சம்பளமில்லாமப் பாத்துக்கிற வேலையில இறங்கறவங்கள்ல, பொம்பளைங்க ஒரு நாளைக்கு 134 நிமிசம், ஆம்பளைங்க 76 நிமிசம். இதுல குழந்தையைப் பாக்கறதும் சேர்த்தி. அந்த 76 நிமிசம்கூட எங்க ஊரு ஆம்பளைங்க கணக்கு இல்லைன்னு நான் சத்தியம் பண்ணுவேன். ஏன்னா அதுல நானும் ஒருத்தன்.

எங்கப்பா கடைசிப் பதினோரு மாசம் படுக்கையிலதான் இருந்தார். எழவுக்கு வந்த அத்தனை பேரும் என் கையைப் பிடிச்சு, "நல்லாப் பாத்துக்கிட்ட சாமி, உன்னை மாதிரி மகன் கிடைக்கணும்"னு சொன்னாங்க. நானும் தலையை ஆட்டிக்கிட்டேன். நான் பண்ணினது என்ன? டாக்டருக்குப் பணம் கட்டினேன், கார் வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன், ராத்திரி வந்து "எப்படிப்பா இருக்கு"ன்னு கேட்டேன். மத்ததெல்லாம் என் வீட்டுக்காரி. அவளுக்கு அன்னைக்குப் பிடிச்ச இடுப்பு வலி இன்னும் விடலை. கோயமுத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனப்ப டாக்டர் கேட்டார், "என்னம்மா வேலை பாக்கறீங்க? பாரம் தூக்கற வேலையா?" அவ சொன்னா, "இல்லீங்க, சும்மா வீட்லதானுங்க இருக்கறேன்." எழுபது கிலோ மனுசரைப் பதினோரு மாசம் புரட்டிப் போட்டவ அவ. பக்கத்துல உக்காந்திருந்த நானும் திருத்திச் சொல்லலை. எனக்கு அப்ப அது தோணவே இல்லைங்கறதுதான் நெசம்.

இதை எழுதினா ரெண்டு கேள்வி வரும்னு தெரியும். ஒண்ணு, "பெத்தவங்களைப் பாக்கறதுக்குக் கூலியா? நம்ம பண்பாடு என்னாகறது?" ஐயா, நான் மொதல்ல கேட்டது கூலியே இல்லை. பிரஷர் பாக்கச் சொன்னேன், வேலையைக் கத்துக்கொடுக்கச் சொன்னேன், வரிசையில முன்னாடி விடச் சொன்னேன். காசும் கொடுத்தா என்ன கெட்டுப்போகும்? பாத்துக்கிறவ நூறு நாள் வேலைக்குக்கூடப் போக முடியறதில்லை. அந்தக் கூலி நட்டம் யார் தலையில விழுது? பண்பாட்டைக் காப்பாத்தற வேலை மொத்தத்தையும் ஒரு பொம்பளை இடுப்பு மேல ஏத்திவச்சுட்டு, பெருமையை மட்டும் நாம எடுத்துக்கிறது எந்த ஊரு நியாயம்?

இன்னொண்ணு, "எல்லாத்துக்கும் கவர்மெண்டா?" அந்த அக்கா அன்னைக்குச் சொசைட்டியில விழாம, ஒரு மாசம் கழிச்சு வீட்டுல விழுந்திருந்தா, ரெண்டு கட்டில் போட்டிருக்கணும். ரெண்டு பேருக்கும் மாத்திரை, ரெண்டு பேருக்கும் பயிற்சி, ரெண்டு பேரையும் பாக்க ஆள் யாருமில்லை. ஏத்து வண்டியில ஒரு மாடு நொண்டினா இன்னொரு மாடுதான் மொத்தப் பாரத்தையும் இழுக்குது. எந்தச் சம்சாரியும் நொண்டற மாட்டுக்கு மட்டும் வைத்தியம் பாத்துட்டு, இழுக்கற மாட்டுக்குத் தீனி போடாம விடமாட்டான். இதுக்கு இரக்கம்கூட வேண்டாமுங்க, வெறும் கணக்குப் போட்டாலே தெரியும்.

டவுன்ல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்றப்ப "அம்மா எப்படி இருக்கா?"ன்னு கேக்கறீங்க. நல்லது. அடுத்த கேள்வியா, போனை எடுத்தவங்ககிட்ட, அது அக்காவோ அண்ணியோ தம்பி பொண்டாட்டியோ, "நீ எப்பக் கடைசியா பிரஷர் பாத்த?"ன்னு கேளுங்க. பணம் அனுப்பறது பெரிசுதான். ஆனா வருசத்துல பத்து நாள் லீவு போட்டு வந்து, கட்டில் பக்கத்துல நீங்க படுத்துக்கிட்டு, அவங்களைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பி வச்சுப் பாருங்க. உங்க லீவுல கோயில், குளம், கல்யாணம்னு எல்லாத்துக்கும் இடம் இருக்கு. இதுக்கும் ஒரு இடம் கொடுங்க.

தெக்காலத் தோட்டத்து அக்கா மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்துட்டாங்க. மாத்திரை எடுக்கறாங்க. அந்த மூணு நாளும் மாமியாரைப் பாத்துக்கிட்டது என் வீட்டுக்காரியும், மேக்கால வீட்டு அத்தையும். ஆம்பளைங்க நாங்க சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம். மூணாம் நாள் நான்தான் புரட்டறேன்னு போனேன். துணியைப் போட்டு ரெண்டு பேரா இழுக்கறதே எனக்கு மூச்சு வாங்கிருச்சு. அந்த அம்மா குழறலா என்னமோ சொன்னாங்க, எனக்குப் புரியலை. அக்காவுக்குத்தான் புரியும்.

நேத்து கிராம சபை மனுவுக்கு நாலு வரி எழுதி வச்சிருக்கேன். மேல சொன்ன நாலு விசயமும்தான் அது. தன்னார்வலர் பொண்ணும் கையெழுத்துப் போடறேன்னிருக்கு. நடக்குதா இல்லையான்னு பாத்துட்டு வந்து சொல்றேன். இந்த மாசம் அந்தப் பொண்ணு வந்தப்ப, தட்டு அறுக்க நான் போனேன். அக்கா திண்ணையில உக்காந்து கையை நீட்டினாங்க. 150-க்கு 90. இன்னும் இறங்கணுமாம்.

கரண்டு வந்துருச்சு, மோட்டார் போடப் போகணும். மஞ்சள் கதை அடுத்த வாரம்.